டோன்யா எல்வீராவோடு பலெர்மோவில் ஆறு நாள்

பலெர்மோவில் இறங்கிய செவ்வாய்க்கிழமை, டோன்யா எல்வீராவின் பெட்டி வரவில்லை. எங்களோடு விமானத்தில் வந்தவர்கள் எல்லாரும் ஊருக்குள் போய்விட்டார்கள். பெட்டிகள் சுற்றி வரும் பட்டையும் நின்றுவிட்டது. கவுண்டரில் இருந்த பெண் பெட்டியின் நிறத்தை இத்தாலியனில் கேட்டாள். எல்வீரா ஸ்பானிஷில் பதில் சொன்னார். அவள் மறுபடி ஏதோ கேட்க, இவர் கையை விரித்து அளவு காட்டினார். நான் ஆங்கிலத்தோடு நடுவில் நுழைந்தபோது, இரண்டு பேரும் என்னைப் பார்த்துக் கொஞ்சம் பொறு என்று கையமர்த்தினார்கள்.

"உள்ள என்ன இருக்குன்னு கேக்கா," என்றார் எல்வீரா. "காஞ்ச மிளகா, சோளமாவு, என் நல்ல செருப்புன்னு சொன்னேன். சிரிக்கா பாரு."

எல்வீரா பேசுவது மெக்சிகோவின் பூயெப்லாவுக்குப் பக்கத்து ஸ்பானிஷ். ஆனால் அவர் சொன்னவற்றை இப்போது நினைத்துப் பார்த்தால் எல்லாம் எனக்குத் தூத்துக்குடித் தமிழிலேயே கேட்கிறது. பிறந்த ஊரை விட்டு வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. மனதுக்குப் பிடித்தவர்கள் எந்த மொழியில் பேசினாலும் என் காதில் அது அந்த ஊர்ப் பேச்சாக மாறிவிடுகிறது. அதனால் இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

அவருக்கு அப்போது அறுபத்துமூன்று வயது. லாஸ் ஏஞ்சல்ஸில் இருபத்தாறு வருடம் பிறர் வீடுகளைக் கூட்டித் துடைத்தவர். சர்க்கரை நோய் இடது காலில் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிருந்தது. நான் அந்த நகரத்தில் ஒரு சிறிய சமூக மருத்துவமனையில் ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தேன். எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடோர் பக்கத்துக் குடும்பங்கள். அங்கே லத்தீனோ என்பார்கள். பொதுவாக ஆய்வு என்றால் நாங்கள் கேள்வி கேட்போம், நோயாளிகள் பதில் சொல்வார்கள், அத்தோடு அவர்கள் வேலை முடிந்தது. எங்கள் ஆய்வில் அப்படி இல்லை. எதை ஆராய்வது, எப்படிக் கேட்பது என்று முடிவு செய்யும் மேசையிலேயே நோயாளிகளும் உட்கார்ந்தார்கள்.

எல்வீரா அந்த மேசைக்கு வந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேள்வித்தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படித்தார். 'வாரத்தில் எத்தனை நாள் உடற்பயிற்சி செய்கிறீர்கள்?' என்ற கேள்வியில் விரலை வைத்தார்.

"வாளியத் தூக்கிட்டு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் மாடி ஏறி இறங்குதேன். இது இதுல சேருமா, சேராதா?"

மேசையைச் சுற்றி ஐந்து டாக்டர்கள் இருந்தார்கள். யாருக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியை எடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு ஆறு வருடம், அவர் அடித்துத் திருத்தாத எந்தத் தாளும் எங்கள் மருத்துவமனையை விட்டு வெளியே போகவில்லை. அந்த ஆறு வருடத்தைப் போல ஒரு காலம் எனக்கு வேலையில் பிறகு வாய்க்கவில்லை. இப்போது அந்தத் திட்டம் முடிந்துவிட்டது. எல்வீராவும் பூயெப்லாவில் மகள் வீட்டோடு போய்விட்டார். பலெர்மோ பயணம் அதற்கு முந்தியது.

எங்களைக் கூப்பிட்டவர் கியாரா என்ற டாக்டர். பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் வீட்டு வேலையும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் செய்கிறார்கள். அவர்களில் சர்க்கரை நோயாளிகள் பலர். ஆனால் அவருடைய மருத்துவமனைக்கு வருவதில்லை. நாங்கள் லத்தீனோ நோயாளிகளோடு செய்ததைத் தானும் தமிழர்களோடு செய்து பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். எல்வீரா தன் அனுபவத்தைச் சொல்ல வேண்டும், தமிழ்ப் பெண்களோடு நான் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. சனிக்கிழமை பல ஊர் டாக்டர்கள் முன்னால் எல்வீராவின் உரையும் இருந்தது. அவர் வாழ்க்கையில் முதல் மேடை. விமானத்தில் மூன்று முறை என்னிடம் ஒப்பித்துக் காட்டினார்.

*

புதன்கிழமை காலை கால்சாவில் இருந்த மருத்துவமனைக்கு நடந்தோம். துறைமுகத்தை ஒட்டிய பழைய பகுதி அது. ஒரு பக்கம் புதிதாகச் சுண்ணாம்பு பூசிய மாளிகை. அடுத்த பக்கம் கம்பியில் துணி காயும், சாந்து உதிர்ந்த வீடு. எங்கேயோ கப்பல் சங்கு ஊதியது. உப்பும் டீசலும் மீனும் கலந்த வாசனை வந்தது. என் அப்பா துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது வரும் வாசனை இது. நான் நின்றுவிட்டதைப் பார்த்து எல்வீராவும் நின்றார். 

கியாரா நாற்பது வயதிருக்கும், வேகவேகமாக நடக்கிறவர். அறையில் இருபது நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பழச்சாறும் பிஸ்கட்டும் வைத்திருந்தார். கூட்டம் பதினோரு மணிக்கு. மருத்துவமனையில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் ஜெசிந்தா வாசலிலேயே நின்றார். மன்னார்க்காரர், முப்பத்தெட்டு வயது. கன்னியாஸ்திரிகள் நடத்திய என் பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் மட்டும் இரண்டு ஜெசிந்தாக்கள் இருந்தார்கள் என்று அவரிடம் சொன்னேன். மன்னாரிலிருந்து பார்த்தால் தூத்துக்குடி கடலுக்கு அந்தப் பக்கம்தான் என்று சிரித்தார்.

பதினொன்றேகாலுக்கு ஒருவர் வந்தார். ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர், தன் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க வந்தவர். பிறகு கைக்குழந்தையோடு ஒரு பெண். அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்குக் கியாரா பிஸ்கட் தட்டை மூடி வைத்தார்.

"போன தடவையும் இப்படித்தான்," என்றார் ஆங்கிலத்தில். "எங்கள் மேல் அவர்களுக்கு நம்பிக்கை இல்லையோ என்னவோ."

நான் எல்வீராவுக்குச் சொன்னேன். அவர் காலி நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு கியாராவின் பக்கம் திரும்பி நேரடியாக ஸ்பானிஷில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"பதினோரு மணிக்கு நான் யாரோ ஒருத்தி வீட்டுக் குளியலறையில முட்டி போட்டுட்டு இருப்பேன். எனக்கு நம்பிக்கை இல்லாம இல்ல. நேரந்தான் இல்ல."

கியாராவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. முகம் சிவந்துவிட்டது. ஜெசிந்தாவிடம், அப்படியென்றால் அவர்களுக்கு எப்போது நேரம் என்று கேட்டார்.

"வியாழக்கிழமை பின்னேரமும் ஞாயிறும்தான் லீவு," என்று ஜெசிந்தா என்னிடம் தமிழில் சொன்னார். "ஞாயிறு பூசை. வியாழன் வைக்கோணும் எண்டு நான் முதலே சொன்னனான் அக்கா. வியாழக்கிழமை இஞ்சை இந்த அறை கிடையாது எண்டவை."

அதை நான் அப்படியே கியாராவிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, ஜெசிந்தாவைப் பார்த்து இத்தாலியனில் ஏதோ சொன்னார். மன்னிப்புக் கேட்கிறார் என்று குரலில் தெரிந்தது. ஜெசிந்தா அப்போதே தங்கள் பங்குச் சாமியாருக்குப் போன் போட்டு, மறுநாள் கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கினார். பிறகு நின்றபடியே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார்.

மத்தியானம் கபோ சந்தைக்குப் போனோம். இரண்டு பேர் ஒதுங்கி நடக்கவே இடமில்லாத தெருவில் மோட்டார் சைக்கிள் வேறு வருகிறது. வாள்மீனின் தலையை ஐஸில் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். ஒரு கடையில் கடலைமாவைக் களியாகக் கிண்டி, துண்டு போட்டு எண்ணெயில் பொரித்து, பன்னுக்குள் வைத்துக் கொடுத்தார்கள். பனெல்லே என்று பெயர். பஜ்ஜியைப் பன்னுக்குள் வைத்தாற்போலத்தான் இருந்தது. நான் இரண்டு சாப்பிட்டேன். எல்வீரா பன்னை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே இருந்ததை மட்டும் தின்றார்.

அடுத்த கடையில் அவர் சட்டென்று நின்றார். ஒருவன் கையுறை போட்டுக்கொண்டு சப்பாத்திக்கள்ளிப் பழத்தை முள் படாமல் உரித்துக்கொண்டிருந்தான்.

"இது எங்க ஊருப் பழம்லா," என்றார் எல்வீரா. "இவன்ட்ட இது எப்படி வந்துச்சு?"

அட்டையில் எழுதியிருந்த பெயரைக் கடைக்காரன் வாசித்துக் காட்டினான். இத்தாலியனில் அதற்கு இந்திய அத்தி என்று பெயராம். எல்வீரா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவனோடு வாதாடினார். இது மெக்சிகோ, இந்தியா இல்லை. அவன் என்னைக் காட்டி, இந்தம்மாவைக் கேளுங்கள் என்றான். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் செம்மணல் தேரிக்காட்டு ஓரமாக இதைப் பறித்துத் தின்று, நாக்குச் சிவந்து வீட்டுக்குப் போய் அடி வாங்கியதைச் சொன்னேன். அது என் ஊர்ப் பழம் என்றும் சொன்னேன். கடைக்காரன் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பழம் சும்மா கொடுத்து அனுப்பினான்.

தங்குமிடத்துக்குத் திரும்பியபோது பெட்டி வந்திருந்தது. எல்வீரா செருப்பை மாற்றிக்கொண்டு, கியாராவின் கேள்வித்தாளைக் கேட்டு வாங்கினார். நான் ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்ல, பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார். 'மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் என்ன?' என்ற கேள்வியில் வெகுநேரம் நின்றார்.

"இது திருடுனியான்னு கேக்க மாதிரி இருக்கு. இதுக்குப் பதிலா, மருந்த எங்க வைக்கிறீங்கன்னு கேளு."

"எங்கேன்னா? ஃபிரிட்ஜில்தானே?"

"யாரு ஃபிரிட்ஜில, மிஹா?" என்றார் அவர். மிஹா என்றால் மகளே.

*

வியாழக்கிழமை பஸ் இல்லை. வேலைநிறுத்தம் என்று நிறுத்தத்தில் தாள் ஒட்டியிருந்தது. அதைத் தெரியாமல் அரைமணி நேரம் வெயிலில் நின்றோம். எங்களோடு காத்திருந்த ஒரு பாட்டியார்தான் கடைசியில் கண்ணாடியைப் போட்டுத் தாளைப் படித்து, எங்களுக்கும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார். மண்டபத்துக்கு நடந்தே போனோம். யாரும் வரப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டே போனேன். லிபெர்த்தா பக்கத்துப் பணக்காரக் குடியிருப்புகளில்தான் அந்தப் பெண்களுக்கு வேலை. அங்கிருந்து நடந்தால் முக்கால் மணி நேரமாவது ஆகும்.

மூன்று மணிக்குப் பதினான்கு பேர் இருந்தார்கள். எல்லாரும் நடந்தே வந்தவர்கள். ஒருவர் வீட்டிலிருந்து மீன் ரோல்ஸ் செய்து கொண்டுவந்திருந்தார். பிளேன் டீ கொதித்தது. ஜெசிந்தா எங்களை அறிமுகப்படுத்தினார். நான் பேசத் தொடங்கியதும் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரிடம், "படத்தில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறா," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கேள்விகளைக் கேட்டபோது வந்த பதில்கள் ஒரே மாதிரி இருந்தன. சுகமா? ஓம், சுகம். மருந்து எடுக்கிறீங்களா? ஓம், எடுக்கிறம். ஏதாவது கஷ்டம் இருக்கா? இல்லை, ஒண்டும் இல்லை. அலுவலகத்தில் அதிகாரிக்குச் சொல்கிற பதில்கள்.

எல்வீரா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். தான் யார் என்பதைத் தெரிந்த இத்தாலியன் சொற்களையும் ஸ்பானிஷையும் கலந்து சொன்னார். இருபத்தாறு வருடம். ஜன்னல், தரை, கக்கூஸ், பிள்ளைகள், கிழவிகள். ஒவ்வொரு சொல்லுக்கும் கையால் செய்து காட்டினார். பெண்கள் முன்னால் குனிந்தார்கள். அந்தச் சொற்கள் அவர்களுக்குத் தெரிந்தவை. பிறகு கேட்டார்: சிஞ்ஞோரா வீட்டில், அதாவது எஜமானியம்மா வீட்டில், உங்கள் மருந்தை எங்கே வைப்பீர்கள்?

 ஒருவர், "ஹேண்ட்பாக்கில," என்றார். "அரிசி டின்னுக்குள்ள," என்றார் இன்னொருவர். சிரிப்பு எழுந்தது. வன்னியிலிருந்து போருக்குப் பின் வந்த ஒரு பெண், குளியலறையில் சலவைத்தூள் பெட்டிக்குப் பின்னால் என்றார். நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் இருந்தவர் அதுவரை பேசவில்லை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். இங்கே அவரை ரெஜினா என்று எழுதுகிறேன். அது அவரே எனக்குத் தேர்ந்து கொடுத்த பெயர்.

"நான் ஊசியை ஜெசிந்தா வீட்டு ஃபிரிட்ஜில வச்சிருக்கிறன்," என்றார். "ஞாயிற்றுக்கிழமை போய்ப் போடுவன்."

"மத்த நாளெல்லாம்?" என்றேன்.

"மற்ற நாள் எப்பிடிப் போடுறது, தங்கச்சி? நான் அங்கைதான் படுக்கிறன். சீனி வருத்தக்காரி எண்டு தெரிஞ்சா வச்சிருப்பினமோ?"

ஜெசிந்தா அதிர்ந்துபோய் அவரைப் பார்த்தார். மிச்ச ஊசிகள் வேறெங்கோ இருப்பதாகத்தான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாராம்.

எல்வீரா ரெஜினாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெஜினா ஒரு காலைத் தாங்கித் தாங்கிப் படியேறி வந்தபோதே கவனித்திருக்கிறார். தன் இடது செருப்பையும் காலுறையையும் கழற்றி, பாதத்தைத் தூக்கி எதிர் நாற்காலியில் வைத்தார். மூன்று விரல்தான் இருந்தது. எல்லாரும் பார்க்கும்வரை அப்படியே வைத்திருந்தார். பிறகு ரெஜினாவின் அருகே போய்க் கையைப் பிடித்து, பக்கத்தில் இருந்த சமையலறைக்குக் கூட்டிப் போனார். ஜெசிந்தாவும் நானும் பின்னால் போனோம்.

சுண்டுவிரலுக்குக் கீழே புண். ஓரம் கறுத்திருந்தது. காலுறையை உரிக்கும்போது நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ரெஜினாவின் முகத்தில் வலியே தெரியவில்லை. கால் அவ்வளவு மரத்துப்போயிருந்ததுதான் எல்வீராவைப் பயமுறுத்தியது.

"இன்னைக்கே," என்றார். "நாளைக்கு இல்ல."

ரெஜினா தலையை ஆட்டினார். எட்டு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். சிஞ்ஞோராவுக்குத் தொண்ணூற்றொரு வயது, ராத்திரி தனியாக விட முடியாது. அவர் மகள் ரோமில் இருக்கிறார். இத்தாலியில் தங்குவதற்கான அனுமதிச் சீட்டை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்கும் மாதம் இது. வேலை ஒப்பந்தம் இல்லாமல் குவெஸ்தூரா போலீஸ் அலுவலகத்தில் என்ன காட்டுவது?

"என்ரை சிநேகிதி ஒருத்தி ரெண்டு கிழமை ஆஸ்பத்திரியில கிடந்தவள்," என்றார். "திரும்பிப் போகேக்க வாசல்ல வேறை ஒருத்தியின்ரை செருப்புக் கிடந்தது. அவளை ஒருத்தரும் போ எண்டு சொல்லேல்லை. செருப்புக் கிடந்தது, அவ்வளவுதான்."

  நான் இதை ஸ்பானிஷில் சொன்னதும் எல்வீரா கேட்டார்: "கிழவி நடப்பாளா? ராத்திரி எத்தன தடவ எந்திரிப்பா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"இவ வர்ற வரைக்கும் நான் போய் இருக்கேன்."

"சனிக்கிழமை உங்க பேச்சு இருக்கு."

"அது உனக்கு மனப்பாடம்லா. மூணு தடவ கேட்டியே."

ரெஜினா ரோமுக்குப் போன் போட்டார். ஜெசிந்தா பக்கத்தில் நின்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். கால் புண்ணுக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும், ஒரு நாள் சிநேகிதி வந்து நிற்பார் என்று சொன்னார். மகள் எந்த ஊர்ச் சிநேகிதி என்று கேட்டார் போலிருக்கிறது. மெக்சிகோ என்றார் ரெஜினா. எத்தனை வருட அனுபவம் என்று அடுத்த கேள்வி. ரெஜினா எங்களைப் பார்த்துக்கொண்டே, இருபத்தாறு என்றார். சரி, ஒரு நாள் என்றார் மகள்.

போனில் கூப்பிட்டதும் கியாரா தன் காரில் வந்து, ரெஜினாவையும் ஜெசிந்தாவையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். எல்வீராவும் நானும் ரெஜினாவின் சாவியோடு லிபெர்த்தாவுக்கு நடந்தோம். மரங்களின் நிழல் விழும் அகலமான சாலை. வாசல்களில் பித்தளைப் பெயர்ப்பலகைகள். எல்வீரா வேகமாக நடந்தார். அவர் முகம் காலையில் வேலைக்குப் போகும் முகமாக மாறியிருந்தது.

*

ஒரு நாள் என்றது மூன்று நாளானது. ரெஜினாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். தொற்று எலும்புக்குப் போயிருந்தது. சனிக்கிழமை காலை சுண்டுவிரலை எடுக்க வேண்டும் என்றார்கள். இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் கணுக்கால்வரை போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக ஜெசிந்தா போனில் சொன்னார். சொல்லும்போதே அழுதார்.

வெள்ளிக்கிழமை மாலை எல்வீராவைப் பார்க்கப் போனேன். சிஞ்ஞோரா மெலிந்த, நிமிர்ந்து உட்காரும் பெண்மணி. தலைமுடி அப்போதுதான் கழுவிச் சீவியிருந்தது. எல்வீரா பேசுவதைக் கெட்டுப்போன இத்தாலியன் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் திருத்திக்கொண்டிருந்தார். எல்வீராவும் விட்டுக்கொடுக்காமல் அதே சொல்லை மறுபடி ஸ்பானிஷில் சொன்னார். இரண்டு பேருக்கும் அது பிடித்திருந்தது என்று தெரிந்தது.

தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். கதவுத் தட்டில், பாலுக்குப் பக்கத்தில், எல்வீராவின் இன்சுலின் பேனா நின்றுகொண்டிருந்தது.

"அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"காட்டிட்டுத்தான் வச்சேன். அவ புருஷனுக்கும் இருந்துச்சாம். அவரு வச்ச இடமே இதுதானாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரெஜினாவுக்கும் இருக்குன்னு நான் சொல்லல. அத அவதான் சொல்லணும்."

சனிக்கிழமை மேடையில் நான் தனியாகத்தான் நின்றேன். எல்வீராவின் உரையை அவர் சொன்ன மாதிரியே சொல்ல முயன்று பாதியில் நிறுத்திவிட்டேன். என் வாயில் அது வேறொருவர் சட்டை போல இருந்தது. ஆகவே, அவர் ஏன் வரவில்லை என்பதைச் சொன்னேன். காலி நாற்காலிகள், வியாழக்கிழமை, அரிசி டின், சலவைத்தூள் பெட்டி எல்லாவற்றையும் சொன்னேன். ரெஜினாவின் பெயரையும் புண்ணையும் சொல்லவில்லை. ஒரு முதிய டாக்டர் எழுந்து, உங்கள் நோயாளிப் பிரதிநிதி ஆய்வை விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போய்விட்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எனக்கு முன்னால் கியாரா எழுந்து பதில் சொன்னார். இத்தாலியனில் நீளமாகச் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.  கேட்டவர் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் வியாழக்கிழமை வந்த பெண்களில் ஐந்து பேர் தங்களுக்குள் முறை போட்டுவிட்டார்கள். ரெஜினாவின் இடத்தில் யார் எந்த நாள் நிற்பது என்று ஜெசிந்தா ரோமுக்குப் போன் போட்டுச் சொன்னார். எல்லாரும் ரெஜினா வரும்வரைதான் என்பதை இரண்டு முறை சொன்னாராம். மகள் ஒத்துக்கொண்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்வீராவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மறுநாள் எங்களுக்கு விமானம். ரெஜினா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சிஞ்ஞோராவிடம் தானே போனில் பேசி, சர்க்கரை என்பதைச் சொல்லிவிட்டாராம்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஏன் முதலே சொல்லேல்லை எண்டு ஏசினவ. பிறகு, ஃபிரிட்ஜில இடம் கிடக்கு எண்டா."

நான் இருவருக்கும் காபி வாங்கக் கீழே போனேன். எல்வீராவுக்குச் சர்க்கரை இல்லாமல், ரெஜினாவுக்கும் சர்க்கரை இல்லாமல். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள், ஆளுக்குப் பாதி தெரிந்த மொழியில். வாசலில் நின்றேன். உங்களுக்கு விரல் எடுத்த பிறகு எத்தனை நாளில் வேலைக்குப் போனீர்கள் என்று ரெஜினா கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்வீரா ஒன்பது விரலைக் காட்டினார்.

"ஒன்பது கிழமையோ?" என்று தன்னையறியாமல் தமிழில் கேட்ட ரெஜினா, உடனே ஒன்பது வாரமா என்று இத்தாலியனில் கேட்டார்.

"நாள்," என்றார் எல்வீரா. "ஒன்பது நாள். அதுக்கப்புறந்தான் ரெண்டாவது விரல எடுத்தாங்க."

எங்கள் கோப்பில் எட்டு வாரம் முழு ஓய்வு என்று இருந்தது. எல்வீராவிடம் நானே கேட்டு, நானே எழுதியது. இரண்டாவது விரல் ஏன் போயிற்று என்று டாக்டர்கள் பல நாள் பேசியதுண்டு. ஆறு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம்; இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. காபியோடு நான் உள்ளே போனதும் எல்வீரா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பையை வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்து படியிறங்கும்போது கேட்டேன். கோபமாகக் கேட்கக் கூடாது என்று நினைத்தும் குரலில் கொஞ்சம் வந்துவிட்டது.

"நீ கேட்டப்ப டாக்டரு பக்கத்துல நின்னாரு, மிஹா," என்றார் எல்வீரா. "எட்டு வாரம் காலக் கீழ வைக்காதன்னு சொன்னவரு அவருதான். ரொம்ப நல்ல மனுசன். அவரு மூஞ்சிக்கு முன்னால எப்படிச் சொல்ல?"

அன்று கடற்கரை வரை நடந்தோம்.  அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். 

இரண்டு மாதம் கழித்து ஜெசிந்தாவிடமிருந்து செய்தி வந்தது. ரெஜினா அன்று காலை லிபெர்த்தாவுக்கு வேலைக்குத் திரும்பியிருக்கிறார், பெர்மெஸ்ஸோவும் புதுப்பித்தாகிவிட்டது, டாக்டர் சொன்ன எட்டு வாரமும் ஒரு நாள்கூடக் காலைக் கீழே ஊன்றவில்லை என்று எழுதியிருந்தார். நான் உடனே எல்வீராவைக் கூப்பிட்டேன். அவர் பஸ்ஸில் இருந்தார். எப்போதும்போல வேலைக்குப் போகும் வழி. செய்தியை வாசித்துச் சொன்னேன். 

"எட்டு வாரமும் முழுசாவா?" என்றார்.

"முழுசா," என்றேன்.